ரசீது உள்ள தேங்காய்ப்பால்

ரசீதுத் தாளில் எண்ணெய்க் கை பட்டால் எழுத்து மங்கிப் போகும். அதனால் குணவதி கடையிலிருந்து வந்ததும் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். பிறகுதான் பையைப் பிரிப்பாள். ஜன்னலோர மேசையில் ரசீதை நீட்டி வைத்து, சுருளாமல் இருக்க ஒரு முனையில் உப்பு டப்பாவையும் மறுமுனையில் மகனின் மருந்துச் சீசாவையும் வைப்பாள். பக்கத்தில் வாங்கிய சாமான். நிழல் விழாதபடி கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுப்பாள்.

வாங்கியதில் ஒரு பங்கு காசைத் திருப்பித் தரும் ஆப் மூன்று வைத்திருந்தாள். ஒன்றுக்கு ரசீது மட்டும் போதும். ஒன்றில், எதையும் வாங்குமுன் அதன் வழியாகத்தான் இணையக் கடைக்குள் நுழைய வேண்டும். மூன்றாவதுதான் படுத்தும். பொட்டலத்தின் முகப்பும் ரசீதும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்று கேட்கும். ஆனால் திரும்பித் தரும் காசும் அதில்தான் அதிகம். ஓர் ஆளுக்கு இரண்டு பொட்டலம் என்பது அதன் சட்டம். கூடுதலாக வேண்டுமென்றால் வேறோர் ஆளும் வேறொரு கைப்பேசியும் வேண்டும்.

அந்த வேறோர் ஆள் ஷாஹிரா. ஜெலுத்தோங்கில் அந்தப் பழைய அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில், அடுத்த கதவு. அவள் கணவன் ஹைதர் லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலாக் கடையில் வேலை செய்தான். தொழிற்சாலைக்குக் குணவதியும் வாடகைக் கார் ஓட்ட அவள் கணவன் லோகேஸ்வரனும் போனபின், அவர்களுடைய ஐந்து வயது யுகேந்திரனைத் தாடிகா மழலைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து சாயங்காலம் வரை வைத்துக்கொள்வது ஷாஹிராதான். ஆப் விவகாரத்தைக் குணவதிக்குக் கற்றுக் கொடுத்ததும் அவள்தான்.

"அக்கா, என் போன்லயும் ரெண்டு ஏத்திட்டேன்," என்று இரும்புக் கிராதிக்கு வெளியே நின்று சொன்னாள். நோன்பு தொடங்கி நான்கைந்து நாள் ஆகியிருந்தது. உதடு காய்ந்திருந்தாலும் பேச்சு காயவில்லை. "மூனு வெள்ளி சொச்சம் காசு திரும்ப வரும். கோடீஸ்வரி ஆயிட்டீங்க."

"சிரிக்காத லா. ஓட்ஸ் பால் என்னா வெல விக்கிது தெரியுமா?"

"தெரியாம என்னா? நாந்தானே தூக்கிட்டு வர்றேன். ஆப்காரன் உங்களுக்கு என்னா எழுதியிருக்கான் பாத்தீங்களா? உயிர்களைக் காக்கும் வீகன் தோழிக்கு நன்றியாம்."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த லோகேஸ்வரன் குரல் கொடுத்தான். "கோழிக்கால கடிச்சிக்கிட்டே உயிரக் காப்பாத்துறா உன் அக்கா."

"நீங்க சும்மா சாப்புடுங்க," என்றாள் குணவதி.

அந்த வீட்டில் இறைச்சியும் பாலும் தொடாத வீகன் யாரும் இல்லை. அந்தச் சொல்லையே குணவதி கடை அலமாரியில்தான் கற்றாள். யுகேனுக்குப் பால் ஆகாது. பசும்பால், பால்மாவு, தயிர், வெண்ணெய், நெய் எதுவும் ஆகாது. மூன்று வயதில் ஒரு பிறந்தநாள் வீட்டில், கேக் தின்ற கையால் யாரோ அவன் கன்னத்தைக் கிள்ளினார்கள். கன்னம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. அடுத்த ஆண்டு தாடிகாவில் இன்னொரு பிள்ளையின் பன்னில் ஒரு கடி கடித்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது அவன் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தைக் குணவதி மறக்கவில்லை. சந்தையில் கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வீகன் என்று போட்டிருந்தால் பால் இல்லை. அதற்காகத்தான் அந்த ரொட்டி, அந்த மார்ஜரின், அந்த பிஸ்கட். எல்லாம் மற்றதைவிட இரண்டு மடங்கு விலை. ஆப்பில் திரும்பி வரும் காசைத் தொடாமல் சேர்த்தாள். ஊசிப் பேனாவுக்கு அது.

விரல் பருமனில் நீல மூடி போட்ட பேனா. மூச்சு அடைக்கும்போது தொடையில் குத்த வேண்டும். அதன் விலை அவளுடைய ஒரு வாரச் சம்பளம். குத்தினாலும் குத்தாவிட்டாலும் நாள் முடிந்தால் வேறு வாங்க வேண்டும். நீலப் பையில் இருந்த பேனாவுக்குத் தைப்பூசத்துக்கு முன்பே நாள் முடிந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதை நம்பவும் முடியவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துவிடுவாள்.

அந்த வாரம்தான் தேங்காய்ப்பால் பொடி சலுகைக்கு வந்தது. பாதிக் காசு திரும்பி வரும். ஆப்பில் அது வீகன் சாமான்களின் பட்டியலில் இருந்தது. இல்லாவிட்டாலும் என்ன? தேங்காய்தானே.

குணவதி எப்போதும் சந்தையில்தான் தேங்காய்ப்பால் வாங்குவாள். சீனக் கிழவர் ஒருவர் தேங்காயை உடைத்து, இயந்திரத்தில் துருவி, பிழிந்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டுத் தருவார். ஒருமுறை அவரிடம் ரசீது கேட்டாள். அவர் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்து, பக்கத்து மீன்காரனையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சீனப் பெருநாள் வெயில் வேறு. காலையில் பிழிந்த பால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். பொடி புளிக்காது. பொடிக்கு ரசீது உண்டு.

நான்கு பொட்டலம் வாங்கினாள். பிஸ்கட் பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்து எறும்பு எழுத்தைக்கூடப் படிப்பவள். தேங்காயில் படிக்க என்ன இருக்கிறது? தொழிற்சாலைப் பேருந்து கீழே வந்து நிற்கும் நேரம். பொட்டலத்தை ரசீதின் பக்கத்தில் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு பொட்டலத்தை ஷாஹிராவிடம் கொடுத்தாள்.

"கஞ்சிக்குப் போடு. சந்தையில நிக்க வேணாம். தண்ணில கரைச்சா பாலு."

"எனக்கா? அப்ப என் போன் வாடகைனு வெச்சுக்கறேன்," என்றாள் ஷாஹிரா.

*

நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது ஷாஹிரா அடுப்பில் இரண்டு சட்டி வைப்பாள். பெரியதில் கறி போட்டு நெய் ஊற்றி வீட்டுக்கு. சின்னதில் கறியும் நெய்யும் இல்லாமல் யுகேனுக்கு. சின்னச் சட்டிக்குத் தனிக் கரண்டி. அதன் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருப்பாள். அந்தச் சட்டியில் வேறு எதுவும் காய்ச்ச மாட்டாள். ஹைதர் ஒருமுறை அதில் தேநீர் போட்டுவிட்டு வாங்கிய திட்டு அந்த வராந்தாவுக்கே கேட்டது.

அன்று பாங்கு சொன்னதும் யுகேன் ஷாஹிராவுடன் உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அவனுக்கு நோன்பு திறப்பது பெருமை. பகலெல்லாம் தின்றுவிட்டு, "நானும் தெறந்துட்டேன்" என்பான்.

குணவதி வேலை முடிந்து படியேறி வந்தபோது அவன் வாசலில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வயிறு முழுக்கத் திட்டுத் திட்டாகத் தடித்திருந்தது. கீழுதடு ஒருபக்கம் கனத்திருந்தது.

"என்னா சாப்புட்ட?"

"மாமி கஞ்சி."

அவன் அங்கேயே வாந்தியெடுத்தான். அவள் மருந்துச் சீசாவைத் திறந்து மூடியில் ஊற்றினாள். அவசரத்தில் பாதி கீழே சிந்தியது. மறுபடி ஊற்றினாள். நீலப் பையைத் திறந்து பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் மூச்சைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. லோகேஸ்வரன் தன் வாடகைக் காடியை எடுத்துக்கொண்டு வந்தான். கிளினிக்கில் ஊசி போட்டார்கள். தடிப்பு மெல்ல அடங்கியது.

திரும்பி வரும்போது ஷாஹிரா வராந்தாவில் நின்றிருந்தாள்.

"அக்கா, எப்டி இருக்கான்?"

"கஞ்சில என்னா போட்ட?"

"எப்பவும் போடறதுதான் அக்கா. அரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி, பூண்டு, வெந்தயம், ரம்பை எல, தேங்காப்பால்."

"நெய்யி?"

"அவன் சட்டில நெய் போடுவனா?"

"கரண்டி மாறிப் போச்சா?"

"சிவப்பு நூலு கட்டி வெச்சிருக்கேன் அக்கா."

"நீ நோன்பு. தலை சுத்திருக்கும். கவனம் பிசகிருக்கும். பெரிய சட்டிக் கரண்டிய இதுல விட்டுருப்ப."

 ஷாஹிராவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நெஜமா சொல்லு ஷாஹிரா. திட்ட மாட்டேன். எனக்குத் தெரியணும் லா."

"விடலக்கா. விட்ட மாதிரி ஞாபகம் இல்ல."

அரிசியிலிருந்து ரம்பை இலை வரை ஒவ்வொன்றையும் குணவதி மனத்துக்குள் புரட்டிப் பார்த்தாள். தேங்காய்ப்பால் என்பதும் காதில் விழுந்தது. அது அங்கே நிற்காமல் போய்விட்டது. நெய்யிலேயே நின்றது மனம்.

"இனிமே அவனுக்கு உன் வூட்ல எதுவும் வேணாம்," என்றாள். கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு, சற்றுப் பலமாகச் சாத்திவிட்டோம் என்று தோன்றியது. திறக்கவில்லை.

*

அந்த வாரம் லோகேஸ்வரன் மத்தியானத்தில் பயணிகளை ஏற்றவில்லை. யுகேனைக் கூட்டி வந்து வீட்டில் உட்கார்ந்தான். ஏசி இல்லாத கூடத்தில் தகப்பனும் மகனும் காற்றாடிக்குக் கீழே கிடந்தார்கள். பகல் ஓட்டம் போனதில் காடித் தவணைக்கு இழுத்தது.

"எத்தன நாளைக்குக் குணா?" என்றான்.

"உங்களுக்குப் பயமே இல்லியா?"

"பயந்தான். அதுக்காக அந்தப் பொண்ண வெசம் வெச்ச மாதிரி பாத்தா? பாவம் லா. மூனு வருசமா அவதானே பாக்கறா."

 வராந்தாவில் போகும்போது அடுத்த வீட்டுக் கிராதி வழியே சமையலறை தெரியும். சின்னச் சட்டி அலமாரியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சிவப்பு நூல் கட்டிய கரண்டி அதன்மேல் கிடந்தது. ஷாஹிரா இருக்கும்போது குணவதி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். ஷாஹிராவும் குனிந்து எதையாவது தேடுவாள்.

ஒன்பது நாள் ஆனதும் வேறு வழியில்லை. ஞாயிறு மாலை குணவதியே போய்க் கிராதியைத் தட்டினாள்.

"நாளைலேர்ந்து யுகேன வெச்சிக்கிறியா?"

"வெச்சிக்கிறேன் அக்கா."

"சாப்பாடு நான் குடுத்துட்டுப் போவேன். அத மட்டும் குடு."

"சரிக்கா."

"தண்ணிகூட அவன் போத்தல்லேர்ந்துதான்."

"சரிக்கா."

"கோவமா?"

"நோன்புல கோவப்படக் கூடாது," என்றாள் ஷாஹிரா. லேசாகச் சிரிக்கப் பார்த்தாள். "பெருநாள் முடிஞ்சு பட்டுக்கறேன்."

குணவதி நீலப் பையை நீட்டினாள். "நாள் போனதுதான். இருந்தாலும் உன்கிட்ட இருக்கட்டும். நீலத்த இழுக்கணும். ஆரஞ்சு முனையத் தொடையில வெச்சு அமுக்கணும். கால்சட்டை மேலயே குத்தலாம். விடாம புடிக்கணும்."

ஷாஹிரா பையை இரண்டு கையாலும் வாங்கினாள். "எனக்கு ஊசின்னாலே பயம் அக்கா," என்றாள்.

மறுநாள் விடிகாலையில் குணவதி இடியாப்பம் பிழிந்தாள். அந்த வாரமெல்லாம் பையன் வெறும் சோறும் பொரித்த மீனும்தான் தின்றிருந்தான். நாக்குச் செத்துப்போயிருக்கும். இடியாப்பமும் இனிப்புத் தேங்காய்ப்பாலும் என்றால் உயிரை விடுவான். அவன் தின்னும் எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் அவளைப் பயமுறுத்தாதது. மூடி போட்ட டின்னில் கொட்டி வைத்திருந்த பொடியை எடுத்துச் சுடுநீரில் கரைத்து, சீனியும் ஏலக்காயும் போட்டாள். நுரைத்துக்கொண்டு வந்தது. நல்ல கெட்டிப் பால். ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி மூடினாள்.

*

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் குணவதியின் வேலை கண்ணாடிச் சுவர்களுக்கு உள்ளே. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. கண் மட்டும் தெரியும். தூசி ஆகாது, கைப்பேசி ஆகாது. எல்லாம் வெளியே லாக்கரில். ஓய்வுக்கு வெளியே வந்து உடுப்பைக் கழற்றிக் கைப்பேசியை எடுத்தாள். ஆப்பிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

தேங்காய்ப்பால் பொடிக்கு அவள் அனுப்பிய படம் ஏற்கப்படவில்லை. பொட்டலத்தின் முகப்பு தெரியவில்லை. இன்றைக்குள் வேறு படம் அனுப்பாவிட்டால் காசு இல்லை.

"ச்சே," என்றாள். பொட்டலங்களை அவள் வீசி இரண்டு வாரம் ஆகிறது. என்ன செய்துவிட்டோம் என்று அந்தப் பழைய படத்தைத் திறந்தாள். அவசரத்தில் பொட்டலத்தைக் குப்புறப் போட்டிருந்தாள். ரசீது பளிச்சென்று இருந்தது. அதன் பக்கத்தில் பொட்டலத்தின் முதுகு. அதில் எழுத்து. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கடையின் பெயர்கூடத் தெரிகிறதே, இதை ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்ற எரிச்சலில்தான் பெரிதாக்கினாள்.

தேங்காய்ப்பால். மாவுச்சர்க்கரை. அப்புறம் சோடியம் கேசினேட். அந்தப் பெயரை அவள் அறிவாள். எத்தனையோ பிஸ்கட்டுகளை அந்தப் பெயருக்காகவே அலமாரியில் திருப்பி வைத்திருக்கிறாள். பாலிலிருந்து எடுப்பது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் மலாயில் ஒரு வரி. பால் கலந்துள்ளது.

மறுபடி படித்தாள். எழுத்து மாறவில்லை.

மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. யுகேன் தாடிகாவிலிருந்து வந்திருப்பான்.

ஷாஹிராவுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தொழுகை நேரம். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. லோகேஸ்வரனுக்கு அடித்தாள்.

"நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கேன், ஆளு எறக்கிட்டு..."

"வூட்டுக்குப் போங்க!"

"என்னா ஆச்சு?"

"தேங்காப்பால்ல பாலு இருக்கு! நான் குடுத்து வுட்டதுல!"

"என்னா சொல்ற நீ? தேங்காப்பால்ல பாலா..."

"போங்க!" என்று கத்தினாள். ஓய்வறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். மீண்டும் ஷாஹிராவுக்கு அடித்தாள். இந்த முறை மணி அடிக்கவில்லை. வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது.

 அந்த நேரத்தில் ஷாஹிரா யாருக்குப் போன் செய்வாள்?

லைன் லீடர் நவமணி எழுந்து வந்தாள். குணவதியின் முகத்தைப் பார்த்தாள். "பையனா?"

குணவதி தலையாட்டினாள். நவமணி சட்டைப் பையிலிருந்து மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து அவள் கையில் திணித்தாள். "போ. பஞ்ச் அடிக்காத. நான் சொல்லிக்கறேன். ஏய், மொள்ள போ. நீ விழுந்தா அவனுக்கு யாரு?"

கடலோரச் சாலையில் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஒருபக்கம் கடல், பாலம், நின்ற இடத்தில் நிற்கும் கப்பல்கள். லாரிகளுக்கு நடுவே புகுந்து போனாள். ஹெல்மெட்டுக்குள் யாரோ பேசுவதுபோல் கேட்டது. அவளேதான். நீலத்த இழு, ஆரஞ்சத் தொடையில வை. நீலத்த இழு, ஆரஞ்சத் தொடையில வை. இடையில் வேறொன்றும் வந்தது. அத மட்டும் குடு என்றேனே. வேறெதையும் கொடுக்காதே என்றேனே. ஷாஹிரா சொன்ன சொல் மீறமாட்டாள். இன்று ஒருநாள் மீறியிருக்கட்டும், முருகா. தன் வீட்டுக் கஞ்சியைக் கொடுத்திருக்கட்டும். நெய் ஊற்றிக்கூடக் கொடுத்திருக்கட்டும். அப்படி நினைத்ததும், அதுவும் பால்தானே என்று உறைத்தது. எங்கே திரும்பினாலும் பால்.

மின்தூக்கி எங்கோ மேலே நின்றிருந்தது. படியேறினாள். ஒன்பதாம் மாடியில் ஷாஹிராவின் கிராதி விரியத் திறந்திருந்தது. தொழுகைப் பாய் மடிக்காமல் கிடந்தது. தட்டில் இடியாப்பம், அதன்மேல் பால் ஊற்றிப் பாதி தின்றது. தரையில் நீல மூடி.

எதிர்வீட்டுச் சீன அம்மா கதவைத் திறந்து கையால் கீழே காட்டி, ஆம்புலன்ஸ் என்று மட்டும் சொன்னாள்.

*

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் திரைகளுக்கு நடுவே யுகேன் படுத்திருந்தான். முகத்தில் புகை வரும் முகமூடி. கண் இமை இரண்டும் உப்பியிருந்தன. உதட்டைப் பார்த்தாள். வீங்கியிருந்தது. ஆனால் சிவப்பு. நாவல்பழ நிறம் இல்லை.  கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இளம் டாக்டர் ஒருத்தி மலாயில் மெதுவாகச் சொன்னாள். வீட்டிலேயே ஊசி குத்தியிருக்கிறார்கள். பழைய மருந்து, ஏதோ வேலை செய்திருக்கிறது. இங்கே இன்னொன்று போட்டோம். சில நேரம் அடங்கிவிட்டு மறுபடி வரும். அதனால் இன்று முழுக்க இங்கேதான். பழைய பேனாவை இனி நம்ப வேண்டாம்.

ஷாஹிரா சுவரோரம் நின்றிருந்தாள். தலைத்துணி கோணலாக இருந்தது. கால் செருப்பு இரண்டும் வேறு வேறு. குணவதியைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனாள்.

"அக்கா, நீங்க குடுத்ததத்தான் குடுத்தேன். அல்லா மேல ஆணையா. என் வூட்டுத் தண்ணிகூடக் குடுக்கல. தட்டுகூட அவன் தட்டுதான். கைய மூனு தடவ கழுவினேன் அக்கா. பாதி சாப்புட்டான், அப்பறம் இருமினான். நான் தொழுதுட்டு இருந்தேன். இருமல் சத்தம் வேற மாதிரி இருந்திச்சி. தொழுகைய வுட்டுட்டு ஓடினேன். குத்திட்டேன். எனக்குக் கை நடுங்கிச்சி, ஆனா குத்திட்டேன் அக்கா. இப்ப என்னா தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியல."

குணவதி கைப்பேசியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். ஷாஹிரா அதைக் கண்ணருகே வைத்துப் படித்தாள். படித்து முடித்தும் திருப்பித் தரவில்லை.

"இது அந்தப் பொடி."

"ம்."

"நீங்க எனக்குக் குடுத்தது."

"ம்."

"அன்னிக்குக் கஞ்சில இதத்தான் போட்டேன்." கைப்பேசியைத் திருப்பித் தந்தாள். "தேங்காப்பால்னு உங்ககிட்ட சொன்னேனே அக்கா."

"சொன்ன."

"நானும் படிக்கல. அக்கா குடுத்ததாச்சேன்னு அப்டியே கொட்டிட்டேன்."

"நீ கரண்டிய மாத்தல," என்றாள் குணவதி. அதற்கு மேல் சொல்ல நிறைய இருந்தது.  மறுபடியும் அதையே சொன்னாள். "நீ கரண்டிய மாத்தல, ஷாஹிரா."

ஷாஹிரா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். பத்து நாளாகத் தன் கைகளைத் தானே சந்தேகப்பட்டவள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. குணவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. தொடலாமா என்று தெரியவில்லை.

லோகேஸ்வரன் வந்தான். மகனைப் பார்த்தான், இரண்டு பெண்களையும் பார்த்தான், வெளியே போனான். பாங்கு நேரத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வந்து ஷாஹிராவின் முன்னால் வைத்தான். "தொறம்மா," என்றான். அவள் தண்ணீரை மட்டும் குடித்தாள்.

*

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், வீக்கமெல்லாம் வடிந்த பிறகு, யுகேன் கேட்டான். "மாமி கஞ்சி எப்ப?"

"அம்மா காய்ச்சித் தர்றேன்."

"உன்து வேணாம். மாமி கஞ்சி."

புதுப் பேனாவுக்கு லோகேஸ்வரன் மருந்துக்கடையில் சொல்லி வைத்திருந்தான். வர ஒரு வாரம் ஆகுமாம். நீலப் பை காலியாக ஆணியில் தொங்கியது. பேனா வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லத்தான் குணவதி வாயெடுத்தாள். சொல்லவில்லை. சந்தைக்குப் போனாள். சீனக் கிழவர் தேங்காயை உடைத்தார், துருவினார், பிழிந்தார். இயந்திரத்தில் இதற்கு முன் எதைப் போட்டார் என்று கேட்டாள். அவர் அவளை விநோதமாகப் பார்த்து, தேங்காய் என்றார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து ஷாஹிராவிடம் கொடுத்தாள்.

"நீங்களும் உள்ள வாங்க அக்கா," என்றாள் ஷாஹிரா. "நின்னு பாருங்க."

"வேணாம். நீ காய்ச்சு."

"வாங்க அக்கா. நீங்க நின்னாத்தான் எனக்குக் கை ஓடும்."

குணவதி உள்ளே போய் நின்றாள். அன்று அடுப்பில் பெரிய சட்டி இல்லை. சின்னச் சட்டி மட்டும். அலமாரியிலிருந்து எடுத்து மறுபடியும் கழுவியிருந்தாள். ஒவ்வொன்றையும் போடுமுன் ஷாஹிரா அவளிடம் காட்டினாள். அரிசி. குணவதி தலையாட்டினாள். பருப்பு. தலையாட்டினாள். இஞ்சி, பூண்டு, வெந்தயம். இலையைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கடைசியில் தேங்காய்ப்பாலை ஊற்றும்போது ஷாஹிராவின் கை நின்றது.

"ஊத்தவா?"

குணவதி பையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். தேங்காய். வேறெதுவும் இல்லை. ஆனால் அந்தப் பொடியும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"ஊத்து," என்றாள்.

பாங்கு ஒலித்தது. யுகேன் சம்மணம் போட்டு உட்கார்ந்து தனக்கும் நோன்பு என்றான். சிவப்பு நூல் கரண்டியால் ஷாஹிரா கிண்ணத்தில் ஊற்றினாள். தனக்கும் அதே சட்டியிலிருந்துதான் ஊற்றிக்கொண்டாள். அவள் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. பேரீச்சம்பழம் தட்டில் அப்படியே இருந்தது.

யுகேன் ஒரு வாய் குடித்தான். இரண்டாவது வாய் எடுத்தவன் நிறுத்தினான்.

"ஏன் ரெண்டு பேரும் என் வாயையே பாக்கிறீங்க?"

"நீ குடி," என்றாள் குணவதி.

"மாமி, நீங்க தொறக்கல?"

"தொறக்கறேன் ராஜா. நீ குடி. அப்பறம் தொறக்கறேன்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு உறிஞ்சினான். கீழே எங்கோ பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஓய்ந்தது. வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். ஷாஹிராவின் கை தேடிவந்து குணவதியின் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது. இருவரும் நகரவில்லை. அவன் உதடுகளில் கஞ்சி பளபளத்தது. அதைத் துடைக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அடியில் உதடு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.